மூக்கில் ஒரு ஓட்டை: வேட்டைக் குண்டும் இலக்குக் குண்டும்

ரைபிள் குண்டுகள் ரெண்டை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டுக்கும் செம்பு நிற உறை, உள்ளே ஈயம், கூரான மூக்கு. மூக்கின் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஒன்று மானைச் சுடுவதற்கானது. இன்னொன்று முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் காகித இலக்கைச் சுடுவதற்கானது. முதல் குண்டில் அந்த ஓட்டை வேண்டுமென்றே வைத்தது, சதைக்குள் போனதும் மூக்கு மலர வேண்டும் என்பதற்காக. ரெண்டாவதில் அந்த ஓட்டைக்கு ஒரு வேலையும் இல்லை. வேறொரு காரியத்துக்காக குண்டைச் செய்தபோது மிச்சமான ஓட்டை அது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ ரெண்டு நாள் கழித்துச் சாகும்.

அமெரிக்காவில் தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் பெரிய பொழுதுபோக்கு. ஹேண்ட்லோடிங் என்பார்கள். காலி பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு என்று நாலையும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது. அப்படிச் செய்பவருக்கு வரும் முதல் கேள்வியே எந்தக் குண்டு என்பதுதான். நம்ம நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் சேர்ந்து வேட்டையை முடித்துவைத்துவிட்டன. ஆகவே இது நமக்கு உபயோகப்படும் சமாச்சாரம் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி எப்படி உருவானது என்று தேடிப் போனால் பாதிக் கதை கல்கத்தாவில் நடக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். பேச்சுவழக்கில் 'தோட்டா' என்றால் முழுசையும் சொல்வோம், பாய்ந்து போகும் துண்டையும் சொல்வோம். இங்கே தோட்டா என்றால் முழுசு. குண்டு என்றால் குழலை விட்டு வெளியே போகும் துண்டு மட்டும்.

கரிமருந்து இருந்த காலத்தில் குண்டைத் தேர்ந்தெடுக்கும் தலைவலி பெரிதாக இல்லை. குண்டு என்றாலே ஈயம்தான். 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டைக்குப் போனவர்கள் ஈயக் கட்டியும் மருந்துப் பீப்பாயும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ராத்திரி கூடாரத்து நெருப்பில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, மறுநாளைக்கு வேண்டிய தோட்டாவை நிரப்பிக்கொண்டார்கள். ஹேண்ட்லோடிங் அப்போது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. அதே காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக் குண்டு 480 கிரெயின், அதாவது 31 கிராம். வினாடிக்கு சுமார் 400 மீட்டர் வேகத்தில் வரும் அந்த ஈயக் கட்டி எதில் பட்டாலும் தானாக நசுங்கி அகலமாகும். வேகம் குறைவு என்பதால் சிதறவும் சிதறாது. விரிவதையும் உடையாமல் இருப்பதையும் ஈயம் தானே பார்த்துக்கொண்டது. யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

1880-களில் அது முடிந்தது. பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். குண்டின் வேகம் ஒரே தாவலில் 600 மீட்டரைத் தொட்டது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் புரிகளைப் பிடித்துக்கொள்ளாமல் வழித்துக்கொண்டு போய், குழல் முழுக்க ஈயத்தைப் பூசிவிடும். சுவிட்சர்லாந்தில் எடுவர்ட் ரூபின் அதற்கு முன்பே ஈயத்துக்குச் செம்பு உறை போடும் வேலையைச் செய்துகொண்டிருந்தார். உறை போட்ட, மெல்லிய, வேகமான குண்டு எல்லா ராணுவங்களுக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் .303 குண்டு 215 கிரெயின்தான், 14 கிராம். பழையதில் பாதிகூட இல்லை.

இந்த உறை ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. குண்டு இப்போது விரிவதே இல்லை. ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது. 1895-இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் படையெடுப்பில், சுடப்பட்ட ஆள் விழாமல் தொடர்ந்து ஓடி வருகிறான் என்று சிப்பாய்களிடமிருந்து புகார்கள் கிளம்பின. அதற்கு விடை கல்கத்தா பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கேப்டன் பெர்ட்டி-க்ளே என்ற அதிகாரி குண்டின் மூக்கில் மட்டும் உறையைக் குறைத்து, ஈயத்தைக் கொஞ்சம் வெளியே தெரிய விட்டார். அவ்வளவுதான் மாற்றம். மூக்கு மெத்தென்று இருப்பதால் உடம்பில் பட்டதும் விரிந்தது. டம்டம் குண்டு என்ற பேர் உலகம் முழுக்கப் போனது. இன்றைக்கு அந்த ஊரின் பேரைக் கேட்டால் விமான நிலையம்தான் ஞாபகம் வரும்.

1899-இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாடு, மனித உடம்பில் எளிதாக விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் செய்தது. இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. இந்தக் குண்டுகளின் கொடூரத்துக்கு ஆதாரமாகப் பேசப்பட்டவற்றில் ஜெர்மனியின் டூபிங்கனில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ப்ரூன்ஸ் நடத்திய சோதனைகள் முக்கியமானவை. அவர் சுட்டுப் பார்த்ததோ டம்டம் குண்டை இல்லை. ஈயம் நிறைய வெளியே தெரியும் வேட்டைக் குண்டுகளை. எங்கள் குண்டு வேறு, அந்தக் குண்டு வேறு என்று பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. பிரிட்டன் உடனே கையெழுத்துப் போடவும் இல்லை, 1907-இல்தான் சேர்ந்தது.

அன்றைக்குக் குண்டுகளின் பாதை ரெண்டாகப் பிரிந்தது. போரில் உறை முழுசாக மூடிய குண்டு மட்டுமே. வேட்டையில் அதுக்கு நேர்மாறு. இங்கிலாந்தின் 1991 மான் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரைபிளால் மானைச் சுட மெத்தென்ற மூக்கோ குழிந்த மூக்கோ உள்ள குண்டைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் முழு உறைக் குண்டால் மான் வேட்டை தடை. மனிதனுக்குக் கொடூரம் என்று ஒதுக்கியது மானுக்குக் கருணை என்று கட்டாயமாகிறது! முரண்பாடாகத் தோன்றும், ஆனால் ரெண்டுமே நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. காயம்பட்ட சிப்பாய்க்கு ஆஸ்பத்திரி உண்டு. காயம்பட்ட மானுக்குப் புதர் மட்டும்தான்.

இதற்கு விதிவிலக்கு யானை மாதிரி பெரும் விலங்குகள். அங்கே விரியும் குண்டு தோலுக்கும் எலும்புக்கும் நடுவிலேயே நின்றுவிடும். ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். பெரும்பாலானவற்றைச் சுட்டது 7 மி.மீ. ரைபிளில், 173 கிரெயின் முழு உறைக் குண்டால். மற்றவர்கள் கட்டை விரல் தடிமன் குண்டுகளோடு அலைந்தபோது இவர் பென்சில் மாதிரி நீண்ட குண்டை மண்டையோட்டுக்குள் நேராகச் செலுத்தினார். குண்டு உடையாமல் நேர்கோட்டில் போனால் சின்னதாக இருந்தாலும் போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் படிக்கையில் அத்தனை யானைகளும் கண்ணில் வந்து நிற்பதையும் தவிர்க்க முடியவில்லை.

சரி, வேட்டைக் குண்டுக்கு வருவோம். மூக்கில் ஈயம் தெரியும் குண்டு 600 மீட்டர் வேகத்தில் நன்றாகவே வேலை செய்தது. 1895-இல் வந்த .30-30 தோட்டாவின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தோட்டாக் கம்பெனிகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயின. 1925-இல் வந்த .300 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் மேக்னம் 180 கிரெயின் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 880 மீட்டரில் அனுப்பியது. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் குண்டின் ஆற்றல் ரெண்டேகால் மடங்கு. ஆனால் குண்டின் உறை பழைய உறைதான். 600 மீட்டரில் பூ மாதிரி மலர்ந்த மூக்கு 880 மீட்டரில் கண்ணாடி மாதிரி சிதறியது. துப்பாக்கிக்கு வயசு குறைந்தது, குண்டுக்குக் குறையவில்லை.

1946-இல் ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போனார். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் லாரிப் போக்குவரத்துத் தொழில் செய்தவர். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது, நம்ம கடமானைப்போல ரெண்டு மடங்கு எடை இருக்கும். அவர் கண்ட கிடா சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் காய்ந்த சேறு அப்பி நின்றது. கையில் அதே .300 மேக்னம். சுட்டார், அது விழவில்லை. திரும்பத் திரும்பச் சுட வேண்டியிருந்தது. அப்புறம் பார்த்தால், குண்டுகள் சேற்றிலும் தோலிலும் தோளிலும் பட்டு மேலாகவே உடைந்து நின்றிருந்தன, நெஞ்சுக்கூட்டுக்குள் போகவே இல்லை.

நாஸ்லருக்குத் தோன்றிய யோசனை எளிமையானது. குண்டின் முன்பாதி விரியட்டும், வேண்டுமானால் உடையட்டும். பின்பாதி என்ன ஆனாலும் உடையக் கூடாது. அப்படியென்றால் நடுவில் ஒரு சுவர் வேண்டும். செம்புக் கம்பித் துண்டை எடுத்து, முன்னாலிருந்து ஒரு குழி, பின்னாலிருந்து ஒரு குழி துளைத்தார். நடுவில் கொஞ்சம் செம்பை அப்படியே விட்டார். ரெண்டு குழியிலும் ஈயம். நெடுக வெட்டிப் பார்த்தால் ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். விலங்கின் உடம்பில் பட்டதும் முன்பக்கம் சுவர் வரைக்கும் விரிந்து நின்றுவிடும். சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி கட்டி குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1947-இல் மறுபடி மூஸ் வேட்டைக்குப் போய் அதைச் சோதித்தார், 1948-இல் கம்பெனி ஆரம்பித்தார். குண்டுக்குப் பேர் பார்ட்டிஷன். ஜெர்மனியில் 1930-களிலேயே ஹெச்-மான்டல் என்று உறையை நடுவில் மடித்துச் செய்த ஒரு குண்டு இருந்தது, ஆகவே முதல் யோசனை இவருடையதுதான் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் தோட்டா நிரப்புகிற சாதாரண அமெரிக்கன் கையில் அதைக் கொண்டு சேர்த்தவர் இவர். 97 வயது வரை வாழ்ந்து 2010-இல் காலமானார். பார்ட்டிஷன் இன்றும் விற்கிறது.

அது ஏன் பெரிய தோட்டாக் கம்பெனியிலிருந்து வராமல் லாரிக்காரரிடமிருந்து வந்தது? அந்தக் காலமே அப்படி. போர்க்காலத்தில் தோட்டாவுக்குப் பஞ்சம், குண்டுக்கும் பஞ்சம். கலிபோர்னியாவில் ஃப்ரெட் ஹண்டிங்டன், சுட்டுத் தூக்கிப் போட்ட .22 தோட்டாவின் பித்தளைக் கூட்டையே நீட்டி, குண்டுக்கு உறையாக்கும் அச்சுகளை 1943-இல் செய்ய ஆரம்பித்தார். ராக் சக் என்ற மலை மர்மோட் அணிலைச் சுடும் குண்டுக்கான அச்சு என்பதால் அந்தச் சொற்களின் முதலெழுத்துகளே ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனிப் பேராயின. வெர்னான் ஸ்பியரும் இதே .22 கூடு வித்தையில் தொடங்கியவர். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜாய்ஸ் ஹார்னடி 1949-இல் நெப்ராஸ்காவில் தனியாகக் கம்பெனி போட்டார். ஆலைக்காரன் தோட்டாவை முழுசாக விற்பவன், எல்லாருக்கும் ஆகிற மாதிரி ஒரு குண்டு இருந்தால் அவனுக்குப் போதும். தோட்டா நிரப்புகிறவனுக்கோ மூஸுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, மர்மோட்டுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று வேண்டும். குண்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் குண்டை யோசித்துச் செய்ய ஆள் வந்தார்கள்.

இனி இலக்குக் குண்டு. ஃப்ராங்க்ளின் மான் என்ற டாக்டர், வைத்தியத்தை ஓரங்கட்டிவிட்டு, குண்டு ஏன் நேராகப் போவதில்லை என்பதையே வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். 1909-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அவர் பண்ணிய காரியங்களில் ஒன்று, வேண்டுமென்றே குண்டுகளைச் சேதப்படுத்திச் சுட்டுப் பார்த்தது. மூக்கைச் சிதைத்தால் குறி பெரிதாகத் தப்பவில்லை. அடிப்பாகத்தில் ஒரு ஓரத்தைச் சீவிவிட்டாலோ குண்டு எங்கெங்கோ போனது. குழல் வாயை விட்டு வெளியே வரும் அந்தக் கணத்தில் அடியிலிருந்து பீறும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கசியாவிட்டால் குண்டு கோணிக்கொண்டு கிளம்புகிறது. நமக்கெல்லாம் கண் போவது மூக்குக்கு, காரியம் இருப்பதோ அடியில்.

அந்த ஓட்டைக்கான விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. ராணுவத்தின் முழு உறைக் குண்டு, மூக்கு மூடிய கிண்ணமாக உறையைச் செய்து, பின்னாலிருந்து ஈயத்தைத் திணித்து, அடியில் மடித்து விடுவது. அடியில் ஈயம் தெரியும், மடிப்பும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். இலக்குக் குண்டு இதற்குத் தலைகீழ். கிண்ணத்தின் அடிப்பாகமே குண்டின் அடிப்பாகம், ஆகவே அது கச்சிதமான வட்டம். ஈயம் மூக்குப் பக்கமிருந்து போகிறது, அப்புறம் மூக்கைக் கூராக அழுத்துகிறார்கள். முழுசாக மூட முடியாது, நுனியில் ஒரு சின்ன ஓட்டை மிஞ்சும். 1950-களின் கடைசியில் 300 மீட்டர் சர்வதேசப் போட்டிக்காக சியரா கம்பெனி செய்த 168 கிரெயின் குண்டு இந்த வகையில் ரொம்பப் பிரசித்தம்.

ராணுவக் குறிவீரர்களுக்கு அதைக் கொடுக்க நினைத்தபோது 1899 பிரகடனம் குறுக்கே வந்தது. மூக்கில் ஓட்டை இருக்கிறதே! அமெரிக்க ராணுவச் சட்ட அதிகாரிகள் 1985-இல் கருத்துச் சொன்னார்கள்: இந்த ஓட்டை துல்லியத்துக்காகச் செய்த விதத்தில் வந்தது, உடம்பில் விரிவதற்காக வைத்தது இல்லை, ஆகவே தடைக்குள் வராது. சட்டத்துக்கு இது சௌகரியமான பதில்தான். ஆனால் பொய்யான பதில் இல்லை. சியராவே இந்தக் குண்டை வேட்டைக்குச் சிபாரிசு செய்வதில்லை. மெல்லிய உறை. ஒரு தடவை உள்ளே உடைந்து சிதறும், இன்னொரு தடவை விரியாமல் ஊசி மாதிரி போய்விடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "போட்டியில இது ஜெயிக்குதே, மானுக்கு ஆகாதா?" என்ற வாதம் வேட்டைக்காரர்களிடையே இன்றைக்கும் ஓயவில்லை. துல்லியமாகப் பட்டுவிட்டால் எந்தக் குண்டும் கொல்லும் என்பது ஒரு தரப்பு. மான் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்பது மறு தரப்பு. நான் ரெண்டாவது தரப்பு.

இதே குண்டு இன்னொரு எல்லையையும் காட்டிக்கொடுத்தது. 300 மீட்டரில் ராஜா. ஆனால் .308 வின்செஸ்டரில் ஆயிரம் கஜத்துக்குச் சுட்டால், ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் தடுமாறி நிலைகுலையும். எந்தத் தூரத்துக்கு வரைந்தார்களோ அந்தத் தூரம் வரைக்கும்தான் அது உத்தமம்.

குண்டைத் தேர்ந்தெடுப்பவர் கடைசியில் போய் மோதுவது குழலோடு. நீண்ட குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சியைக் கொடுப்பது குழலுக்குள் வெட்டிய புரி. 1879-இல் உல்லிச்சில் பேராசிரியர் கிரீன்ஹில் இதற்கு ஒரு எளிய கணக்குக் கொடுத்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். 150-ஐ அந்த எண்ணால் வகுத்தால், எத்தனை விட்டத் தூரத்துக்குள் புரி ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும் என்று வரும். குண்டு விட்டத்தைப்போல நாலு மடங்கு நீளம் என்றால் 37.5 விட்டம். 7.8 மி.மீ. குழலுக்கு ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். புரி அதைவிட ரொம்ப மெதுவாக இருந்தால் குண்டு பம்பரம் சாய்வது மாதிரி சாய்ந்து, காகிதத்தில் வட்ட ஓட்டை விழாமல் சாவித்துவாரம் மாதிரி நீளமாக விழும். ஈயக் குண்டு கால ஆள் போட்ட கணக்கு, இன்னும் தோராயத்துக்கு உதவுகிறது. எடையைப் பார்த்துக் குண்டு வாங்கப் போகிற புது ஆள் கடைசியில் நீளத்தை அளந்துகொண்டு நிற்பது இதனால்தான்.

ஈயத்தையே விட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி 1980-களில் வந்தது. பார்ன்ஸ் கம்பெனியின் ராண்டி ப்ரூக்ஸ் 1989-இல் முழுக்கச் செம்பாலேயே ஒரு குண்டைக் கொண்டுவந்தார். மூக்கில் ஓட்டை, பட்டதும் நாலு இதழாக விரியும், எடையில் ஏறக்குறைய ஒன்றுமே உதிராது. ஆரம்பத்தில் குழலில் செம்பு படிகிறது, சில துப்பாக்கிகளில் குறி சரியில்லை என்றெல்லாம் குறைகள் வந்தன. பிற்பாடு உடம்பில் வரிப் பள்ளங்கள் வெட்டிய பின் அது கொஞ்சம் அடங்கியது. ஆழமாகப் போகும் குண்டு வேண்டும் என்பதுதான் இதற்கும் காரணமாக இருந்தது. சுற்றுச்சூழல் பேச்சு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

அதைக் கொண்டுவந்தது காண்டோர் என்ற கலிபோர்னியப் பிணந்தின்னிக் கழுகு. 1987-இல் காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்தபோது மொத்தமே 27. இனப்பெருக்கம் செய்து திரும்பக் காட்டில் விட்டால் அவை ஈய நச்சால் செத்தன. வேட்டைக்காரர்கள் மானை அறுத்துக் குடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் தூவின மாதிரி கிடந்தன. வேகமாகப் போய்ச் சிதறிய குண்டுகளின் முன்பாதிகள். பார்ட்டிஷனும் இதில் சேர்த்திதான், அதன் முன்பாதி உடையலாம் என்றுதானே வரைந்தது. நம்ம பக்கம் மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் மருந்து, செத்த மாடு வழியாகப் பாறுக் கழுகுகளுக்குப் போய்ச் சேர்ந்த கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. காண்டோர் வாழும் பகுதிகளில் 2008-இல் ஈயக் குண்டுக்குத் தடை வந்தது. 2013-இல் மாநிலம் முழுமைக்கும் சட்டம் போட்டு, 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது என்றார்கள்.

செம்பு ஈயத்தைவிட லேசு. அடர்த்தி ஈயத்துக்கு 11.3, செம்புக்கு 9-க்குக் கொஞ்சம் கீழே. அதே எடையில் செம்புக் குண்டு செய்தால் நீளமாகிவிடும், நீளமானால் கிரீன்ஹில் கணக்கு வந்து நிற்கும். 1915-இல் வந்த .250-3000 சாவேஜ் தோட்டாவை உதாரணமாகச் சொல்லலாம். வினாடிக்கு 3000 அடி என்ற விளம்பரத்துக்காகவே 87 கிரெயின் சின்னக் குண்டை வைத்து, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரியோடு வந்தது. ஈயத்தில் 100 கிரெயின் வரைக்கும் எப்படியோ சமாளிக்கும். தாத்தா விட்டுப்போன அந்தத் துப்பாக்கியோடு கலிபோர்னியாவில் இன்றைக்கு மான் வேட்டைக்குப் போகிற பேரன் 100 கிரெயின் செம்புக் குண்டை வைத்தால் இலக்கில் சாவித்துவாரம் விழ வாய்ப்பு அதிகம். அவன் 80 கிரெயினுக்கு இறங்குகிறான். எடை குறைந்த குண்டா என்று தாத்தா முகம் சுளித்திருப்பார். ஆனால் அந்த 80 கிரெயினில் உதிர்வது எதுவும் இல்லாததால், மானின் நெஞ்சைத் தாண்டும்போது அவருடைய பழைய ஈயக் குண்டில் மிஞ்சியதைவிட அதில் அதிகம் மிஞ்சியிருக்கும்.